ஒரு நாளைக்கு இரண்டு அலகு: ஸ்மார்ட் மீட்டருடன் பதினான்கு மாதங்கள்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் நாற்பது ஆண்டுகளாக இருந்த மின்மானியைக் கழற்றி, அதன் இடத்தில், வாசிப்பைத் தானாகவே மின் நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இவ்வளவு காலம் எழுதாமல் பொறுத்திருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முழு ஆண்டின் மின்பட்டியல்களைக் கையில் வைத்து, அவற்றை முந்திய ஆண்டின் பட்டியல்களோடு மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தக் கருவியைப் பற்றிச் சொல்வது எல்லாம் வெறும் அபிப்பிராயமாகவே இருந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் உள்ளன. அவற்றுள் மூன்று வீட்டார் இன்னமும் புதிய மானி வேண்டாம் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா எட்டு மாதங்கள் சம்மதிக்கவில்லை. இப்படி மறுப்பவர்களை விளக்கமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் தேடிப்போன நான் அந்த முடிவுக்கு வரவில்லை. அவர் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு மானியே நல்ல பதில் தந்தது, சிலவற்றுக்கு இன்றுவரை எவரும் பதில் தரவில்லை.

கொழும்பு மாநகருக்குள் இலங்கை மின்சார சபையும், கோட்டே, நுகேகொடை, மொறட்டுவை முதலிய சுற்றுப்புறங்களில் லெக்கோ எனப்படும் லங்கா மின்சாரக் கம்பனியும் மின்சாரத்தை நெடுங்காலமாக விநியோகித்து வந்துள்ளன. எங்களுக்கு வழங்குவது எது என்று பெயர் குறிப்பிடுவது என் நோக்கமன்று. மானியையும் அதனோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும் சேவையையும் மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

அம்மாவின் மறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2013க்குப் பின்னர் ஒன்பது ஆண்டுகள் உயர்த்தப்படாதிருந்த மின்கட்டணம், 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், ஆறே மாதத்தில் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. முதல் உயர்வுக்குச் சற்று முன்னர்தான், 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை நாம் அனுபவித்திருந்தோம். இல்லாத மின்சாரத்துக்காக மெழுகுதிரி வாங்கிய வீடு, மின்சாரம் திரும்பியதும் இரண்டு மடங்குக்கு மேல் பணம் கட்டியது. அந்த மாதங்களில் வந்த பட்டியல்களை அம்மா தம் சேலை வைக்கும் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதும் உண்டு, மீண்டும் கூட்டப்பட்டதும் உண்டு. ஆனால் மின்சாரத்தின் பெயரால் வீட்டு வாசலுக்கு வரும் எந்தப் புதுமையும் செலவைக் கூட்டவே வருகிறது என்ற எண்ணம் அந்த ஆண்டில் பல வீடுகளில் ஊன்றிவிட்டது. "உள்ள மீட்டர் நல்லாத்தானே ஓடுது ராசா, ஏன் இப்ப மாத்தோணும் எண்டு நிக்கினம்?" என்று அம்மா கேட்டபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் அலுமாரி நிறையப் பட்டியல்கள் இருந்தன.

பொருத்திய வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருவர் வந்தார்கள், பிரதான ஆளியை அணைத்தார்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பணிவாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் பழைய மானியின் இறுதி வாசிப்பைத் தம் படிவத்தில் எழுதிக்கொண்டவர்கள் அதன் பிரதியை எங்களிடம் தரவில்லை. கேட்டபோது அலுவலகத்தில் இருக்கும் என்றார்கள். நான் அந்த வாசிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தபடியால், அடுத்த பட்டியலில் வந்த தொகையைச் சரிபார்க்க முடிந்தது. படமெடுக்காத வீட்டாருக்கு அந்த ஒரு மாதம் முழுவதும் நம்பிக்கையின் பேரில்தான் கழியும். கழற்றிய பழைய பெட்டி வண்டியில் ஏற்றப்பட்டபின் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. மானி மாற்றும் நாளில் வீட்டில் வயது வந்தவர் ஒருவர் நிற்பதும், பழைய மானியின் எண்களும் புதிய மானியின் தொடர் இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு படங்கள் எடுப்பதும் தவிர்க்கக்கூடாதவை.

இனி மானிக்கு வருகிறேன். உள்ளங்கையளவு திரை, அதன் அருகே ஒரு பொத்தான், மேல் மூலையில் விட்டுவிட்டு மின்னும் சிவப்பு ஒளி. பொத்தானை அழுத்த அழுத்தத் திரையில் மொத்த அலகுகள், அந்தக் கணத்தின் மின்னழுத்தம், வீடு அப்போது இழுக்கும் வாற்று அளவு என்று ஒவ்வொன்றாக மாறி வரும். எது எதைக் குறிக்கிறது என்று விளக்கும் தாள் தரப்படவில்லை. இரண்டு மாலைகள் செலவழித்து நானே கண்டுபிடித்து, மானிப் பெட்டியின் கதவின் உட்புறத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். அந்தச் சிறு தாளை ஒட்டிய நாளிலிருந்துதான் அம்மா மானியின் அருகே போய் நிற்கத் தொடங்கினார். பழைய மானியில் தகடு சுழல்வதைக் கண்ணால் கண்டு, வேகமாகச் சுழன்றால் ஏதோ ஓடுகிறது என்று அறிந்தவர் அவர். அந்த அறிவை நாம் பறித்துவிட்டு, அதற்குப் பதிலாகப் படிக்கத் தெரியாத எண்களை வைத்தால், பயப்படுவது இயல்பே.

மானி சரியாகக் கணக்கிடுகிறதா என்பதை எவரும் வீட்டிலேயே ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். எங்கள் மானியின் முகப்பில், ஓர் அலகுக்கு 1600 முறை சிவப்பு ஒளி மின்னும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த எண் மானிக்கு மானி வேறுபடும், ஆனால் எல்லா மின்னணு மானியிலும் அது குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ஞாயிறு காலையில் வீட்டிலிருந்த மின்குமிழ், விசிறி, குளிர்சாதனப் பெட்டி, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 2000 வாற்று என்று குறிக்கப்பட்ட மின் கேத்தலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூன்று நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டோம். ஓர் அலகு என்பது 1000 வாற்று ஒரு மணி நேரம் ஓடுவது. 2000 வாற்று மூன்று நிமிடம் ஓடினால் அது ஓர் அலகின் பத்தில் ஒரு பங்கு, ஆகவே 160 மின்னல்கள் வர வேண்டும். கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து மகள் எண்ணினாள். 154 வந்தது. ஆறு குறைந்தது ஏன் என்று திரையைப் பார்த்தால் மின்னழுத்தம் 230க்குப் பதில் 226 வோல்ட்டாக இருந்தது. அந்த அழுத்தத்தில் கேத்தல் ஏறத்தாழ 1930 வாற்றுதான் இழுக்கும், அதற்கு உரிய எண்ணிக்கை 154தான். துணி தேய்க்கும் மின்னழுத்தியை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக்கூடாது, அது சூடேறியதும் தானாக அணைந்து அணைந்து எரியும். அம்மா கதிரையைப் போட்டு உட்கார்ந்து இதை முழுவதும் பார்த்தார். விளம்பரத் துண்டுப்பிரசுரம் எதனாலும் வராத நம்பிக்கை அந்த மூன்று நிமிடத்தில் அவருக்கு வந்தது.

ஆயினும் மின்பட்டியல் கூடுமா என்ற கேள்விக்கு "மானி சரியாகக் கணக்கிடுகிறது" என்பது முழுப் பதிலாகாது என்பதை இந்த ஆண்டில் நான் கற்றுக்கொண்டேன். மானி மாற்றுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் எங்கள் சராசரி மாதப் பயன்பாடு 128 அலகு. மாற்றிய பின்னர் வந்த பன்னிரண்டு மாதங்களில் 133 அலகு. ஐந்து அலகு கூடியிருக்கிறது. இதை முழுவதும் மானியின் தலையில் போடுவது நியாயமாகாது, அதே ஆண்டில்தான் மகள் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஆனால் பழைய மானியின் உட்பொறியை அறிந்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்று இருக்கிறது. அலுமினியத் தகடு சுழல்வதற்கு அச்சின் உராய்வை வெல்ல வேண்டும். பல ஆண்டு ஓடித் தேய்ந்து, தூசி படிந்த மானியில், ஓரிரு வாற்று மட்டும் இழுக்கும் சிறிய சுமைகளுக்குத் தகடு அசையாமலே நின்றுவிடக்கூடும். கைப்பேசி மின்னேற்றி, அணைத்தும் அணையாமல் கிடக்கும் தொலைக்காட்சிப் பெட்டி போன்றவை இரவில் தனித்து ஓடும்போது பழைய மானிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். புதிய மானிக்கு அவற்றுள் பெரும்பாலானவை தெரியும். பத்து வாற்று இழுக்கும் ஒரு கருவி இரவும் பகலும் ஓடினால் முப்பது நாளில் 7.2 அலகு ஆகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

எங்களைப் போல 130 அலகு செலவழிக்கும் வீட்டுக்கு இது தாங்கக்கூடிய வேறுபாடு. அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அப்படியல்ல. எழுபத்தாறு வயதில் தனியே வாழும் அவருடைய மாதப் பயன்பாடு 56க்கும் 59க்கும் இடையில் நிற்கிறது. அது தற்செயலாக அங்கே நிற்கவில்லை, அவர் நிறுத்தி வைத்திருக்கிறார். இலங்கையின் வீட்டுக் கட்டண முறையில் முப்பது நாளுக்கு 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டும் கூடுதல் விலை என்றில்லாமல், முதலாவது அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியலுக்கு மாறிவிடுகிறோம், மாதாந்த நிலைக்கட்டணமும் மாறுகிறது. பழைய தகடு கவனிக்காமல் விட்ட மூன்று நான்கு அலகுகளைப் புதிய மானி கவனித்தால், பெரியம்மாவின் பட்டியல் மூன்று நான்கு அலகின் விலையால் மட்டும் கூடப்போவதில்லை. அவர் புதிய மானியை மறுக்கும்போது இந்தக் கணக்கை இத்தனை சொற்களில் சொல்லவில்லை. "எனக்கு அறுபதுக்குள்ள நிக்கோணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. சிக்கனமாக வாழும் வீடுகளுக்கே இந்த மாற்றத்தால் இழப்பு வரக்கூடிய இடம் அது. வீட்டுக்கு வந்த அறிவித்தலிலும் பொருத்த வந்தவர்களின் பேச்சிலும் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. நாட்டின் மின்கட்டணங்களை அங்கீகரிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மானி மாறும் வீடுகளுக்கு முதல் சில மாதங்களேனும் அந்த எல்லையில் ஓர் இளக்கம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பட்டியல் கூடியதும் மானியைக் குற்றம் சொல்வது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரத்து மக்கள் 2009இல் இதே முறைப்பாட்டை எழுப்பினார்கள். மறு ஆண்டு வெளியான சுதந்திரமான ஆய்வு, மானிகள் சரியாகவே கணக்கிட்டன என்றும், மானி மாறிய அதே காலத்தில் கடும் வெப்பமும் கட்டண உயர்வும் சேர்ந்து வந்தன என்றும் கண்டது. அதோடு, முறைப்பாடு செய்த மக்களுக்கு மின் நிறுவனம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்றும் அந்த ஆய்வு குறை கூறியது. இந்தப் பிந்திய பகுதியை மானிக்கு ஆதரவாகப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட சோதனை முடிவு மானிகளும் தவறக்கூடும் என்று காட்டியது. ஒன்பது மின்னணு மானிகளைச் சோதித்ததில் ஐந்து, உண்மையைவிட மிகுதியாகக் கணக்கிட்டன, ஒரு நிலையில் அந்த மிகுதி 582 சதவீதம் வரை போயிற்று. ஒளியைக் குறைத்துக் கூட்டும் ஆளியோடு எல்.ஈ.டி. குமிழ்களையும் சேமிப்புக் குமிழ்களையும் இணைக்கும்போது மின்னோட்டத்தின் அலைவடிவம் சிதைவதும், சில வகை உணரிகள் அந்தச் சிதைந்த வடிவத்தைத் தவறாக அளப்பதுமே அதற்குக் காரணம். அது ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட கடினமான நிலை. கொழும்பில் ஒளி குறைக்கும் ஆளி வைத்திருக்கும் வீடுகள் மிகச் சில. இருந்தும், அத்தகைய ஆளி உள்ள வீட்டார் மேலே சொன்ன கேத்தல் சோதனையை, அந்தக் குமிழ்கள் அரைவெளிச்சத்தில் எரியும்போது ஒருமுறையும் அணைந்திருக்கும்போது ஒருமுறையும் செய்து பார்ப்பது நல்லது.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. மானி தன் வாசிப்பை அனுப்பும் நேரம் ஒரு நாளில் மிகச் சிறியது, அதுவும் விறாந்தைச் சுவரிலிருந்து. தலையணைக்கு அருகே கைப்பேசியை வைத்துத் தூங்குபவர்களுக்கு அது கவலைக்குரியதன்று.

கவலைக்குரியது வேறொன்று. கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணம் போயிருந்தோம், வீடு பத்து நாட்கள் பூட்டியிருந்தது. திரும்பி வந்து, மானியின் வாசிப்புகளைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் அந்த மாதத்தின் வரைபடத்தைத் திறந்தால், நாளுக்கு நான்கு அலகுக்கு மேல் நின்ற கோடு, புறப்பட்ட நாளிலேயே விழுந்து, குளிர்சாதனப் பெட்டியின் ஓர் அலகோடு பத்து நாள் தரையோடு தரையாகக் கிடந்தது. அதைப் பார்க்கும் எவருக்கும் வீட்டில் ஆளில்லை என்பது விளங்கும். இன்னும் நுணுக்கமாகப் பதிவு செய்தால் எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்பதைக்கூடப் பிரித்தறியலாம், அதற்குரிய வழிமுறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹார்ட் என்பவர் 1980களிலேயே உருவாக்கிவிட்டார். ஒரு வீட்டின் மின்கோடு அந்த வீட்டின் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் இரவில் விழித்திருக்கிறார்கள், எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சோதனைகளையும் சுற்றிவளைப்புகளையும் கண்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்ற தகவல் வெளியே போவது சிறிய விடயமன்று. "எங்கட வீட்டு நடப்பு அவங்களுக்கு எதுக்கு?" என்று அம்மா கேட்டதை நான் முதலில் மிகையென்று நினைத்தேன், வரைபடத்தைப் பார்த்த பின் அப்படி நினைக்கவில்லை. நெதர்லாந்தின் மேலவை இதே காரணத்துக்காகத்தான் 2009இல் ஸ்மார்ட் மானியைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் அங்கே மறுக்கும் உரிமையோடுதான் அது வந்தது. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் துணையோடு, எங்கள் வாசிப்புகள் எத்தனை காலம் வைத்திருக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டேன். கடிதம் கிடைத்தது என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை. இந்தச் சேவைக்கு நான் குறைந்த மதிப்பு கொடுப்பது முதன்மையாக இதற்காகத்தான்.

அம்மாவின் மறுப்பில் மிக ஆழமாக இருந்தது பணமோ தரவோ அல்ல என்பதைக் கடைசியில்தான் புரிந்துகொண்டேன். மாதம் ஒருமுறை மானி பார்க்க வருபவரை அவர் பத்தாண்டுகளுக்கு மேல் அறிவார். வெயில் நாளில் ஒரு குவளை தண்ணீர் கொடுப்பார். பட்டியலில் தொகை கூடியிருந்தால் அந்த இடத்திலேயே கேட்பார், அவரும் முந்திய மாதத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார். 2023இல் பெரியம்மாவின் கட்டணம் நிலுவையாகி, இணைப்பைத் துண்டிக்க ஆட்கள் வந்தபோது, மகன் அனுப்பும் பணம் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று அவர் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை அவர் கட்டினார். எங்கள் வீட்டில் பொருத்தப்பட்ட மானிக்குள் தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் ஆளி இருக்கிறது. இனி வாசலுக்கு ஆள் வர வேண்டிய தேவையில்லை. "மனிசரெண்டால் சொல்லிக் கேக்கலாம், பெட்டியிட்டை என்னத்தைச் சொல்லுறது?" என்ற அம்மாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு இதில் வரும் இலாபம் விளங்குகிறது, வண்டியும் ஆளும் மிச்சம், பணம் கட்டியவருக்கு மீள் இணைப்பும் சில நிமிடங்களில் கிடைக்கும். ஆனால் முதியவர்களும் நோயாளர்களும் இருக்கும் வீடுகளில், ஒரு மனிதர் நேரில் வந்து பார்க்காமல் தொலைவிலிருந்து துண்டிப்பதில்லை என்ற எழுத்துபூர்வமான உறுதி வேண்டும். பெரியம்மாவின் படுக்கைக்கு அருகே ஆஸ்துமாவுக்கான புகைமருந்து இயந்திரம் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

செய்திகளின் மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியலும் நினைவூட்டலும் இப்போது குறுஞ்செய்தியாக வருகின்றன. எங்களுக்கு வருபவை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. பழைய தாள் பட்டியலில் தமிழ் இருந்தது, அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். இப்போது தம் வீட்டு மின்கணக்கைப் படிக்க என் கையையோ பேத்தியின் கையையோ எதிர்பார்க்கிறார். எண்பது வயதில் ஒருவருடைய தன்னாட்சி இப்படிக் குறையும்படி செய்வது எந்தத் தொழில்நுட்ப முன்னேற்றத்துக்கும் அழகன்று. இதைத் திருத்துவது எளிது, ஒவ்வொரு கணக்குக்கும் எந்த மொழி வேண்டும் என்று ஒருமுறை கேட்டாலே போதும்.

இத்தனை குறைகளையும் சொன்னபின், மானியை மீண்டும் கழற்றச் சொல்வாயா என்று கேட்டால், சொல்ல மாட்டேன். தனி வீட்டுக்கு அப்பால் இதற்கு ஒரு தேவை இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலை அண்டி, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டு மின்தேவை விழுந்தபோது, கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியவர்களைப் பகல் வேளையில் அவற்றை அணைத்து வைக்கும்படி கேட்க வேண்டி வந்தது. பகலில் வெயில் தரும் மின்சாரம் வீணாகவும், மாலை ஆறரைக்குப் பின் எண்ணெய் எரித்து மின்சாரம் உண்டாக்கவும் செய்யும் நாட்டில், எந்த வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் விலையை நேரத்துக்கேற்ப மாற்ற முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மொத்த எண்ணை மட்டும் குறித்துப்போகும் பழைய தகட்டு மானியால் அது இயலாது. விருப்பப்பட்ட வீடுகளுக்கு வழங்கப்படும் நேரவாரிக் கட்டணத்தில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், அதன்பின் காலை வரை மலிவு நேரம் என்று நாள் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. நாங்கள் இன்னும் அதற்கு மாறவில்லை. எங்கள் வரைபடத்தை மூன்று மாதங்கள் பார்த்தபோது, நாளின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நான்கு மணி நேரத்துக்குள் போவது தெரிந்தது. இடியப்பம் அவிப்பதும், மகளின் அறையில் ஏசி போடுவதும், குளியலறைச் சுடுநீரும் எல்லாம் அப்போதுதான். சலவை இயந்திரத்தை மட்டும் பகலுக்கு மாற்றிவிட்டோம், அதுகூடக் கட்டணத்துக்காக அன்று, கோடு எங்கே உயர்கிறது என்று கண்ணால் கண்டதனால். கண்ணுக்குத் தெரியாதிருந்த செலவைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் இந்தக் கருவியின் உண்மையான பயன். அந்தப் பயன் வீட்டாருக்குக் கிடைக்கும்படி சேவை அமையவில்லை என்பதே என் முறைப்பாடு.

லண்டனில் ஹரோவில் இருக்கும் தம்பி, தம் வீட்டில் முதலில் பொருத்திய ஸ்மார்ட் மீட்டர் நிறுவனத்தை மாற்றியதும் ஊமையாகிவிட்டது என்று சொன்னதும் அம்மாவின் மறுப்புக்கு ஒரு காரணமாயிற்று. பிரித்தானியாவில் முதல் தலைமுறை மானிகள் பலவற்றுக்கு நேர்ந்தது அதுதான். அங்கே வாடிக்கையாளர் மின் நிறுவனத்தைத் தம் விருப்பப்படி மாற்றலாம், புதிய நிறுவனத்தால் பழைய நிறுவனத்தின் மானியோடு பேச முடியாமல் போயிற்று. இங்கே ஒரு பகுதிக்கு ஒரே விநியோகர்தான் என்பதால் அந்தச் சிக்கல் எமக்கு இல்லை என்று தம்பிக்கே தொலைபேசியில் விளக்கி, அவர் மூலமாக அம்மாவுக்குச் சொல்லவைத்தேன். ஆனால் அங்கே வீட்டாருக்கு இலவசமாகத் தரப்படும் ஒரு பொருள் இங்கே இல்லை. குசினி மேசையில் வைத்துப் பார்க்கும் சிறிய திரை அது, அந்த நாளின் செலவைப் பணத்தில் காட்டும். கைப்பேசிச் செயலியைத் திறக்கத் தெரியாத ஒருவருக்கு, அதுதான் ஸ்மார்ட் மீட்டர். மற்றதெல்லாம் நிறுவனத்தின் மீட்டர்.

அந்தத் திரை இல்லாத குறையை எங்கள் வீட்டில் ஒரு நாட்காட்டி தீர்த்து வைத்திருக்கிறது. செட்டியார் தெரு நகைக்கடை தந்த அந்த நாட்காட்டியில், ஒவ்வொரு நாளும் காலைப் பூசை முடிந்ததும் அம்மா மானியின் பொத்தானை அழுத்தி, மொத்த அலகைப் பென்சிலால் எழுதுகிறார். கழித்தால் நேற்றைய செலவு. இதைக் கண்ட பெரியம்மா சென்ற மாதம் கேட்டார், தமக்கு எத்தனை வந்தால் சரி என்று. அறுபதை முப்பதால் பிரித்தால் இரண்டு, நாளுக்கு இரண்டு அலகு என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். இதுவரை மாத முடிவில் பட்டியல் வந்தால்தான் தெரியும், தெரியும்போது காலம் கடந்திருக்கும். இப்படி நாள்தோறும் எழுதினால் பத்தாம் திகதியே தெரிந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியை இரவில் சுவராளியிலேயே அணைத்துப் பழகத் தொடங்கியிருக்கிறார். அடுத்த புதன்கிழமை அவர் வீட்டுக்கு மானி பொருத்த வருகிறார்கள். பழைய மானியின் இறுதி எண்ணைப் படமெடுக்கவும், கதவின் உட்புறத்தில் தமிழ்த் தாளை ஒட்டவும் நான் காலையிலேயே போயிருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.